உட்கார்ந்தால் வலி, நின்றால் வீக்கம்!

மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற குடலிறக்கம் பற்றி, வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு விளக்கம்

ஆரணி என்றதும் நமக்கெல்லாம் பட்டுப்புடவைதான் ஞாபகத்துக்கு வரும். கடையில் விரித்துப் போட்ட புடவையின் கரையையும் முந்தானையையும் பார்த்துப் பார்த்து எடுக்கிறோம். அதை நெய்தவர் எப்படி உட்கார்ந்து நெய்திருப்பார் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்?

குழித்தறி என்றால் தரையில் ஒரு குழி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதிக்க வேண்டும். கை நாடாவைப் பார்த்துக்கொள்ள, கால் மிதித்துக்கொண்டே இருக்க, உடம்பின் பாரம் முழுவதும் உட்காரும் இடத்தில்தான் இறங்கும். வீட்டுப் பெண்களுக்கும் அதே கதைதான். ராட்டையில் தார் சுற்றுவது, இழை பிணைப்பது, இதற்கு நடுவில் அரிவாள்மணையில் காய் நறுக்குவது, எல்லாமே உட்கார்ந்து செய்கிற வேலை. நெசவுக்காரர் குடும்பத்தில் உட்கார முடியாமல் போனால் வருமானமே நின்றுபோகும்.

அப்படி ஒருவரை உட்காரவிடாமல் செய்கிற ஒரு தொல்லையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இது எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், வாயைத் திறந்து சொல்வதில்லை.

"அத்தே, ஏன் எப்பப் பாத்தாலும் ஒரு பக்கமா சாஞ்சே உக்கார்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, வயசாச்சு இல்ல..."

இப்படியே மாதக்கணக்கில் மறைத்து விடுவார்கள். மறைக்கிற இடம் அப்படி!

முதல் ஆபரேஷன் என்ன?

பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு மலக்குடல் என்று பெயர். சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். இதில் புற்றுநோய் வந்தால், கட்டி மேலே இருக்கும் பட்சத்தில் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மீதிக் குடலை இணைத்து விடலாம். கட்டி மிகவும் கீழே, ஆசனவாயை ஒட்டியோ அதன் தசைகளிலோ இருந்தால் அது முடியாது. மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும். கீழே இருக்கும் வழியைத் தைத்து மூடிவிட்டு, குடலின் முனையை வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு துவாரமாக வெளியே கொண்டு வருவார்கள். மலம் அந்த வழியாக ஒரு பைக்குள் வந்து சேரும்.

வயிற்றின் வழியாகவும் கீழ்வழியாகவும் ஒரே சமயத்தில் செய்கிற இந்த ஆபரேஷனை முறைப்படுத்தி 1908-ல் எழுதியவர் லண்டன் சர்ஜன் எர்னஸ்ட் மைல்ஸ். நூறு வருஷத்துக்கு மேலாகியும், மிகவும் தாழ்வாக வந்த கட்டிக்கு இன்றும் இந்த ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றிக் கொண்டிருக்கிறது.

வயிற்றில் பை என்றதும் பலர் பயந்து விடுகிறார்கள். அந்தப் பை பிறந்த கதை நம் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டென்மார்க்கில் எலிசே சோரென்சன் என்ற நர்சின் தங்கைக்கு இப்படித் துவாரம் வைக்கும்படி ஆயிற்று. எங்கே கசிந்துவிடுமோ என்று தங்கை வெளியே போகவே பயந்தாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல், தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை 1954-ல் யோசித்துக் கண்டுபிடித்தார் அந்த அக்கா. இன்று உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் அந்த வழியில் வந்த பைகளைத்தான் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

ஆகவே பை பழகிவிடும். புண்ணும் ஆறிவிடும். அதற்குப் பிறகு, சில மாதங்களிலோ ஓரிரு வருஷத்திலோ, சிலருக்கு வேறொரு தொல்லை தலைகாட்டும். அதுதான் நம் விஷயம்.

தூளி கிழிந்தால் என்னாகும்?

குழந்தையைத் தூங்க வைக்கத் தூளி கட்டுகிறோம். நம் இடுப்புக்கூட்டின் அடியிலும் அப்படி ஒரு தூளி இருக்கிறது. துணியால் அல்ல, தசையால் ஆன தூளி. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல், அவற்றுக்கு மேலே சரிந்து கிடக்கும் குடல், எல்லாவற்றையும் கீழே விழாமல் தாங்குவது அதுதான். பிரசவமான பெண்களுக்கு, "அடிப்பக்கத்துத் தசையை இறுக்கி விடும்மா" என்று பயிற்சி சொல்லித் தருகிறார்களே, அதே தசைதான்.

மலக்குடலையும் ஆசனவாயையும் எடுக்கும்போது இந்தத் தூளியின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழுகிறது. கட்டியை முழுசாக எடுக்க வேண்டும் என்பதற்காகச் சில சமயம் தசையையும் அகலமாக வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். 2007-ல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹோம் குழுவினர் அப்படி அகலமாக எடுக்கும் முறையைப் பற்றி எழுதிய பிறகு, பல நாடுகளில் அது பரவியது. புற்றுநோயை மிச்சம் வைக்காமல் எடுக்க அது உதவும். ஆனால் ஓட்டையும் பெரிதாகிறது.

மேலே தோலைத் தைத்து மூடினாலும் உள்ளே தாங்குவதற்குத் தசை இல்லை. நிற்கும்போதும், இருமும்போதும், குடத்தைத் தூக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் கீழ்நோக்கித் தள்ளுகிறது. குடல் மெல்ல இறங்கி, இரண்டு பிட்டத்துக்கும் நடுவில், பழைய தழும்பு இருக்கும் இடத்தில் வீங்கி நிற்கும். தொடை இடுக்கிலும் தொப்புளிலும் வருகிற குடலிறக்கம் நமக்குத் தெரிந்ததுதான். அதே இறக்கம் கீழ்வாசலில் வந்தால், டாக்டர்கள் பெரினியல் ஹெர்னியா என்கிறார்கள்.

யாருக்கு அதிகம் வரும்? ஆபரேஷனுக்கு முன்னால் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள், புண் சீழ் வைத்து ஆறத் தாமதமானவர்கள், பீடி, சிகரெட் பிடிப்பவர்கள், நாள்பட்ட இருமல் உள்ளவர்கள், கர்ப்பப்பையை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள். பெண்களின் இடுப்புக்கூடு பிரசவத்துக்கு ஏற்றபடி அகலமாக இருப்பதும் ஒரு காரணம் என்கிறார்கள் சர்ஜன்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் எழுந்திருக்கும்போது ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஆக ஆக, கீழே ஏதோ இறங்கி நிற்பது போல ஒரு கனம். உட்கார்ந்தால் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். படுத்தால் வீக்கம் உள்ளே போய்விடும், இருமினால் மறுபடி வெளியே வரும். சிலருக்கு மூத்திரம் அடிக்கடி வரும், அல்லது முழுசாகப் போகாது. நாள் போகப் போக, வீக்கத்தின் மேல் உள்ள தோல் மெலிந்து, உராய்ந்து, புண்ணாகலாம்.

பெரும்பாலும் இது மெதுவாகத்தான் வளரும். ஆனால் வீக்கம் திடீரென்று கல் போல் இறுகி உள்ளே போகாமல் வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, வயிற்றுத் துவாரத்தில் மலமும் வாயுவும் வருவது நின்றுபோனாலோ, வீக்கத்தின் மேல் தோல் சிவந்தாலோ கறுத்தாலோ, குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

டாக்டர் நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்ப்பார். வெட்கப்பட்டுப் படுத்த நிலையில் மட்டும் காட்டினால் வீக்கம் தெரியாமலே போய்விடலாம். பெண் டாக்டர்தான் வேண்டும் என்றோ, கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்றோ கேட்பதில் தப்பே இல்லை. பிறகு ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு இரண்டு காரணம். இறங்கியிருப்பது குடலா, மூத்திரப்பையா என்று பார்ப்பது ஒன்று. பழைய புற்றுநோய் அந்த இடத்தில் திரும்ப வந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது இன்னொன்று. இரண்டாவதுதான் ரொம்ப முக்கியம்.

எல்லோருக்கும் ஆபரேஷனா?

இல்லை. வீக்கம் சிறியதாக, தொல்லை இல்லாமல் இருந்தால், அப்படியே கவனித்து வரலாம். அடிப்பக்கத்தை ஏந்திப் பிடிக்கிற இறுக்கமான உள்ளாடை சிலருக்குப் போதுமானதாக இருக்கும். உட்கார முடியவில்லை, தோல் புண்ணாகிறது, மூத்திரத் தொல்லை, குடல் அடைப்பு என்று வரும்போதுதான் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும்.

சரி, எப்படிச் சரிசெய்கிறார்கள்? நெசவு தெரிந்த குடும்பத்தாருக்கு இதைச் சொல்வது சுலபம். துணியில் சின்னக் கிழிசல் என்றால் இழுத்துத் தைத்து விடலாம். பெரிய ஓட்டையை இரண்டு ஓரமும் இழுத்துத் தைத்தால்? தையல் இழுபட்டு மறுபடி கிழியும். அங்கே ஒட்டுத்துணி வைத்துத்தான் தைக்க வேண்டும். இடுப்புத் தூளிக்கும் அதே நியாயம்தான்.

அந்த ஒட்டுத்துணிக்கு 'மெஷ்' என்று பெயர், அதாவது வலை. அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த சர்ஜன் பிரான்சிஸ் அஷர், 1958-ல் பிளாஸ்டிக் இழையால் நெய்த வலையைக் குடலிறக்கத்துக்குப் பயன்படுத்திக் காட்டினார். நெய்த வலையை வெட்டினால் ஓரத்தில் இழை பிரிந்து வந்தது. இது நம் ஆரணிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! அதனால் பிறகு பின்னல் வலை வந்தது. இன்று சர்ஜன்கள் பயன்படுத்துகிற பாலிப்ரொப்பிலீன் வலைகள் பெரும்பாலும் பின்னல் வலைகளே.

வலை வைக்க மூன்று வழி உண்டு.

கீழ்வழி: பழைய தழும்பையே திறந்து, இறங்கிய குடலை மேலே தள்ளி, சுற்றிலும் உள்ள எலும்பின் மேலுறையிலும் மிச்சத் தசையிலும் வலையைத் தைத்து விடுவார்கள். வயிற்றைத் திறக்க வேண்டாம் என்பதால் உடம்பு சீக்கிரம் தேறும்.

மேல்வழி: வயிற்றைத் திறந்தோ, லேப்ராஸ்கோப் மூலமோ செய்வது. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு குடல் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம். புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் சேர்ந்து: வீக்கம் பெரியதாகவோ, சிக்கலாகவோ இருந்தால்.

கதிர்வீச்சு பட்டு, தோலும் தசையும் மிகவும் கெட்டுப்போன இடத்தில், தொடையிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ உயிருள்ள தசையை அதன் ரத்தக்குழாயோடு திருப்பிக்கொண்டு வந்து ஓட்டையை நிரப்புவதும் உண்டு. இதற்குப் பிளாஸ்டிக் சர்ஜனின் உதவி தேவைப்படும்.

சீழ் பிடிக்கும் பயம் உள்ள இடத்தில், மிருகத்தின் தோலிலிருந்து பக்குவப்படுத்திய வலையைச் சிலர் வைக்கிறார்கள். அவற்றில் பன்றியிலிருந்து எடுப்பவையும் மாட்டிலிருந்து எடுப்பவையும் உண்டு. உங்கள் மதத்துக்கோ மனசுக்கோ ஒவ்வாது என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்.

வரும்முன் காக்க முடியுமா?

முதல் ஆபரேஷனின்போதே வலை வைத்துவிட்டால் என்ன என்று நெதர்லாந்து நாட்டில் ஒரு சோதனை நடந்தது. கதிர்வீச்சுக்குப் பிறகு அகலமாக ஆபரேஷன் செய்துகொண்ட 104 பேரில் ஒரு பாதிப் பேருக்குத் தையல் மட்டும், மறு பாதிக்கு மிருகத்தோல் வலை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, தையல் மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குக் குடலிறக்கம் வந்திருந்தது. வலை வைத்தவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான். ஆனால் புண் ஆறுவதில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதனால் நமக்கு என்ன லாபம்? முதல் ஆபரேஷனுக்கு முன்பே, "கீழே எப்படி மூடுவீங்க டாக்டர்? பின்னால இறக்கம் வருமா?" என்று கேட்டு வைக்கலாம். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாசகிகள் மனசில் எழும் கேள்விகள்

"வீக்கம்னா திரும்ப கேன்சர் வந்துடுச்சுன்னு அர்த்தமா?"

அப்படி இல்லை. பெரும்பாலும் அது குடலிறக்கம் மட்டும்தான். ஆனாலும் நாமே முடிவு கட்டக் கூடாது. காட்டி, உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

"ஆபரேஷன் பண்ணா மறுபடி வராதா?"

உத்தரவாதம் இல்லை. சிலருக்கு மறுபடி இறங்குவது உண்டு. வலையில் சீழ் பிடிப்பது, குடல் வலையோடு ஒட்டிக்கொள்வது போன்ற ஆபத்துகளும் உண்டு. அதனால்தான் இந்த மாதிரி ஆபரேஷனில் பழகிய சர்ஜனிடம் போக வேண்டும் என்பது.

"மறுபடி தறியில உக்காரலாமா?"

ரொம்பப் பேர் தங்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள். ஆனால் அவசரப்படக் கூடாது. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, முதலில் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற சின்ன வேலை, அப்புறம் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும்.

"தாம்பத்தியம்?"

புண் முழுதும் ஆறிய பிறகு தடையில்லை. வலியோ உலர்வோ இருந்தால் சொல்லத் தயங்க வேண்டாம். அதற்கும் வழி இருக்கிறது. முதல் சில மாதங்கள் பொறுமை வேண்டியது கணவருக்குத்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரங்கள் நேராக உட்காருவதைக் குறைத்து, பக்கவாட்டில் படுக்க வேண்டும். உட்கார மெத்தென்ற தலையணை நல்லது. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் வேண்டாம். அது தையலை இரண்டு பக்கமும் இழுக்கும்.

• ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பத்து லிட்டர் குடம் என்றால், குடத்தின் எடையையும் சேர்த்துப் பத்து கிலோவுக்கு மேல்! குடம், அரிசி மூட்டை, இடுப்பில் பேரக்குழந்தை, எதையும் டாக்டர் சொல்லும்வரை தூக்கக் கூடாது. "ஒரு தடவைதானே" என்கிற அந்த ஒரு தடவைதான் தையலைக் கெடுக்கும்.

• குந்தி உட்காருவதைத் தவிர்க்க வேண்டும். அரிவாள்மணைக்குப் பதில் மேடையில் நின்று கத்தியால் நறுக்கலாம். கழிவறையில் நாற்காலிபோல் உட்காரும் வசதி செய்துகொள்ளலாம்.

• இருமல் வந்தால் கஷாயத்தோடு நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டில் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து புகை பிடிக்கக் கூடாது.

• பருப்பு, முட்டை, பால், மீன் என்று உடம்பைத் தேற்றும் சாப்பாடு வேண்டும். "ஆபரேஷன் புண்ணு, பத்தியம் இருக்கணும்" என்று கஞ்சியிலேயே வைத்திருந்தால் புண் ஆறாது.

• புதிதாகத் துவாரம் வைக்கப் போகிறவர்கள், ஆபரேஷனுக்கு முன்பு புடவை கட்டிக்கொண்டே போய், பாவாடை நாடா எங்கே வரும் என்று நர்சிடம் காட்ட வேண்டும். நாடா அழுத்தாத இடத்தில் துவாரத்துக்கு அடையாளம் வைப்பார்கள்.

எங்கே போவது?

ஆரணிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கண்ணமங்கலம் வழியாக பஸ் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டரில் வேலூர். வழியிலேயே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வேலூரில், 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி, இன்று உலகமே அறிந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி. சென்னைக்குப் போனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

அடையாறு மருத்துவமனையை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமான 1912-ல் டாக்டரானவர். தன் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குத்தான் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை மனசிலேயே வைத்திருந்து, முப்பது வருஷத்துக்கு மேல் பாடுபட்டு, ஊருக்கெல்லாம் ஒரு ஆஸ்பத்திரி ஆக்கினார்.

செலவுக்குப் பயப்படுகிறவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். 2012 முதல் நடந்து வருகிற திட்டம் அது. எந்த ஆஸ்பத்திரியில், எந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்று சேருவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஆபரேஷனின் காகிதங்கள், ஸ்கேன் படங்கள், கதிர்வீச்சு விவரம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ஒன்றைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

"இது நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு மூலமும் ரத்தமும் வருவது சகஜம்தான். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காமல் ரத்தம் போய்க்கொண்டே இருந்தால், மலத்தோடு சளி வந்தால், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போல் தோன்றினால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், ரத்தசோகை என்று சொன்னால், "மூலம்தான்" என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு, போஸ்டரைப் பார்த்து மருந்து வாங்கிச் சாப்பிடக் கூடாது. கையுறை போட்ட விரலால் டாக்டர் ஒரு நிமிஷம் சோதித்தாலே தாழ்வாக இருக்கிற கட்டிகள் பல தட்டுப்பட்டுவிடும். சீக்கிரம் தெரிந்தால் ஆசனவாயைக் காப்பாற்றும் வாய்ப்பும் அதிகம். ஆசனவாயை எடுக்காவிட்டால் இந்தக் குடலிறக்கத்துக்கும் இடமில்லை.

இன்று சாயங்காலம் வேலை ஓய்ந்ததும், வீட்டில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாவோ, மாமியாரோ, அத்தையோ இருந்தால், கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "உக்கார்றதுக்குக் கஷ்டமா இருக்கா?" நாம் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.